எருமைக் கொம்புல ஒரு புலி நகம்

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார். கொம்பு அறுக்குற மெஷின் பக்கத்துலயே உக்காந்து காது மந்தமாயிடுச்சு. என்ன, நான் வித்த புலி நகம் போலியா? ஆமா, போலிதான். எருமைக் கொம்ப அறுத்து, ராவி, டீத்தண்ணியில ஊறப்போட்டு நானே செஞ்சது. அத லேப்ல வேற குடுத்துப் பாத்தீங்களா? நிஜ நகமா இருந்திருந்தா உங்கள அங்கயே உக்கார வச்சுப் போலீசக் கூப்பிட்டிருப்பாங்க. எருமை உங்களக் காப்பாத்தியிருக்கு. அதுக்கு ஒரு கும்பிடு போடுங்க.

உங்க மச்சான் போட்டிருக்கிறதா? அதுவும் நான் செஞ்சதுதான். ஒரே கொம்பு. அந்த வகையில நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருங்கின சொந்தம்.

புலி நகம் போட்டா தைரியம் வருமாமில்ல. படியில நம்ம நாய் படுத்திருக்குன்னு கார விட்டு எறங்காம ஹாரன் அடிச்சீங்களே, அப்பவும் அது கழுத்துலதான தொங்குச்சு. நான் வந்து நாயப் பிடிச்சப்புறம்தான மேல ஏறினீங்க.

சரி, நேத்து போன்ல நிஜ நகம் வரப்போகுதுன்னீங்க. அத நான் சுத்தம் பண்ணித் தங்கத்துல பிடிச்சுத் தரணும். அதான? வரும் வரும். எவனோ ரெண்டு பேரு காட்டுல புலிக்குக் கம்பிக் கண்ணி கட்டியாச்சுன்னு கத விட்டிருப்பானுங்க, நீங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருப்பீங்க. கம்பிய போட்டோ எடுத்துக் காட்டினானுங்களா? கம்பி என் வீட்டுக் கொல்லையிலயும்தான் கெடக்கு.

நீங்களே போய்ப் பாத்தீங்களா? காட்டுக்குள்ளயா, இந்தத் தொந்தியத் தூக்கிக்கிட்டா? சும்மா அளக்காதீங்க சார். எங்க, எடத்தச் சொல்லுங்க பாப்போம்.

சரியாக் கேக்கல. இடிஞ்ச பாலத்துக்குக் கீழயா? ஓடைக்குத் தண்ணி குடிக்க எறங்குற தடத்துல, ரெண்டு மரத்துக்கு நடுவுல. ம். நெசமாவே போயிருக்கீங்க.

அந்தப் புலி குட்டி போட்டிருக்கு, தெரியுமில்ல? பேப்பர்ல போட்டிருந்தான். தாய் கம்பியில மாட்டிக்கிட்டா குட்டிங்க பால் இல்லாம ஒண்ணொண்ணாச் சாகும். என்ன கேட்டீங்க? குட்டியோட நகம் உங்க பிள்ளைங்களுக்கு அளவா இருக்குமான்னா?

த்தூ.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? போன் ஏன் குப்புறக் கெடக்குன்னு பாக்குறீங்களா? அந்தப் பக்கம் என் மருமக இருக்கா. இந்தப் போலி நகத்தாலதான் எங்கிட்டப் பேச்ச நிறுத்தினா. நீங்க போலி விக்க விக்க இவனுங்களுக்கு நிஜத்து மேல ஆச வரும் மாமான்னா. நான் சிரிச்சேன். உங்களப் பாத்தப்புறம் சிரிப்பு வரல. நீங்க ஹாரன் அடிக்கும்போதுதான் அவளுக்கு போன் போட்டேன். எடுப்பாளோ மாட்டாளோன்னு இருந்துச்சு. எடுத்துட்டா. இன்னும் வைக்கல.

அந்தக் காட்டுக்கு அவதான் சார் ரேஞ்சர். இந்தா, போனக் காதுல வச்சுட்டேன், அவ பேசுறது எனக்குக் கேக்குது, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கம்பிய அவுக்க ஜீப்பு பாலத்துக்குக் கெளம்பிடுச்சாம். இன்னொண்ணு இங்க வருதாம்.

நான் உங்களப் பிடிச்செல்லாம் வைக்கல. போறதுன்னாப் போங்க. நாய் படியிலதான் படுத்திருக்கு. அந்த நகத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டிப் பாருங்க.