டெய்சி ஊற்றிய தண்ணீர்

மரியகுழந்தையின் நினைவுக்கு நான் சொன்ன விலை நானூறு ரூபாய். அறுபத்து மூன்றில், ராபர்ட்சன்பேட்டையில், யாரும் அதைக் குறைவென்று சொல்லியிருக்க மாட்டார்கள், ஐயா.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்துப்போனவர் அவர். கல்யாணமான வருஷம் முற்றத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நட்டிருந்தார், ஊசியிலை மரம். பக்கத்துச் சுவர் என் அரிசி மண்டி. லாரி திரும்ப அந்த முற்றம் எனக்குத் தேவைப்பட்டது.

"மரம் நிக்கிற வரைக்கும் விக்கிற பேச்சே இல்ல, வாசு அண்ணே" என்றாள் அவர் மனைவி டெய்சி.

வியாபாரி காதுக்கு அது பாதி சம்மதம்.

சுரங்கத் துரை பங்களாத் தோட்டக்காரர் ராமசாமி ஒருமுறை என் கடையில் சொல்லியிருந்தார்: அந்த ஜாதி மரத்துக்குக் காலில் ஈரம் ஆகாது. மண் இறுகித் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். இலை மஞ்சளாகும். விவரமில்லாதவன் தாகமென்று இன்னும் ஊற்றுவான்.

முற்றத்தை மேடாக்கித் தருகிறேன் என்று நாலு வண்டி சயனைட் மேட்டு மண் இறக்கினேன், காசு வாங்காமல். தங்கம் எடுத்தபின் கொட்டுகிற மாவுமண். நனைந்தால் சிமெண்ட் மாதிரி இறுகும். எங்கள் ஊரில் அதை வீட்டுக்கு அள்ளாதவர் யார்? அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்குக் கேக் வந்தது.

மார்ச்சில் இலை மஞ்சளானது.

"இன்னாண்ணே, இப்டி வாடுது?"

"தாகந்தான் தங்கச்சி. வுடாம ஊத்து."

குழாய் வராத நாளிலும், குளிக்க வைத்திருந்ததை எடுத்து ஊற்றினாள்.

மே கடைசியில் மரம் அவள் படுக்கும் அறைப் பக்கம் சாய்ந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள்; மண் யார் போட்டது என்பது நினைவுக்கு வரும். தினமும் சுவரருகே வந்து அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன். சொன்ன சொல்லிலிருந்து வெளியே வர எனக்கு வாசல் இல்லை. சுவரோர அரிசி மூட்டைகளை மட்டும் மறுபக்கம் மாற்றி அடுக்கினேன்.

ஜூனில், காற்று பலமாக இருந்த ஒரு பகலில், மரம் அறைமேல் விழுந்தது. உள்ளே டெய்சி காய்ச்சலோடு படுத்திருந்தாள். "இன்னைக்கு மட்டும் நீங்க ஊத்திடுங்கண்ணே" என்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

தொண்ணூறு நாள், நாளுக்கு நாலு குடம். நான் எண்ணியிருக்கிறேன். நியாயமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அவள் ஊற்றியது முந்நூற்று ஐம்பத்தாறு. நான் ஊற்றியது நாலே நாலு.