நரியின் காதில் இருந்த உண்ணி

மாலை வெயில் முகத்தில் அடித்தும் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! அவர் அருகே அணிசெய்யும் ஊர்க்குழுப் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பதைப்பை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! என் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, "எப்போது தருவாய்?" என்று இங்கேயும் கண்ணாலேயே கேட்கும் வாடிக்கையாளர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வண்டி பழுதுபார்ப்பவனுக்குக் கிருமியைப் பற்றிப் பேச என்ன தகுதி? ஒரே தகுதிதான். காட்டு விலங்குகளையும் உண்ணிகளையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் பெண்ணுக்குக் கணவன் நான். அவளைத்தான் மேடையேறச் சொன்னேன். "மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். வீட்ல நிறுத்தாம பேசுறீங்களே, அங்க போய்ப் பேசுங்க" என்றாள். சிரிக்காதீர்கள், தாய்மார்களே! உங்கள் வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியும்.

மழை ஓய்ந்த ஒரு நாளில், காட்டோரச் சாலையில் நரி ஒன்று அடிபட்டுச் செத்துக் கிடந்தது. வேலி கட்டும் தொழில் செய்கிறவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். வண்டிகள் ஏறி நசுக்கிவிடக் கூடாதே என்று, அதை வெறுங்கையால் வாரித் தோளோடு அணைத்துத் தூக்கி வந்து ஓரத்தில் கிடத்தினார். குழி தோண்டப் போனவரை என் மனைவி தடுத்தாள்.

"அண்ணே, புதைக்காதீங்க. லேப்புக்குக் கொண்டு போகணும்."

எதில் கொண்டு போவது? என் காரின் டிக்கியில்! "பையில போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேங்க" என்று எனக்கு ஆறுதல் வேறு.

கையுறை மாட்டிக்கொண்டு, நரியின் காது மடலிலிருந்து ஒவ்வோர் உண்ணியாக இடுக்கியால் எடுத்தாள். மிளகைவிடச் சிறியவை. சோதித்தாள். மனிதனின் நரம்பையே தாக்கக்கூடிய பாக்டீரியா அவற்றில் இருந்தது. அறிவிப்பு எழுதிக் கடைத்தெருவில் ஒட்டினாள். காலையில் ஒட்டியது மாலையில் காணோம்! "இப்படிப் பயமுறுத்துனா யாரும்மா நம்ம விடுதிக்கு வருவாங்க?" என்றார் விடுதிக்காரர். என் மச்சானே சிரித்தார்: "பொட்டு மாதிரி ஒரு பூச்சிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா மாப்ளே?"

சில வாரங்கள் போயின. மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது, போனது. பிறகு ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது, ஒரு பக்கமாகத் தண்ணீர் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தார். பாதி முகம் இறங்கிப் போயிருந்தது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார்: "பக்கவாதமா இருக்கும்னு சொல்றாங்கண்ணே. இந்த வயசுலயா?"

என் மனைவி அழவில்லை. நேரே அண்ணனின் கட்டிலருகே போனாள்.

"அண்ணே, அன்னிக்கு நரியைத் தூக்குனீங்களே. சட்டையைக் கழட்டுங்க."

தோள்பட்டைக்குப் பின்னால், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மங்கிப்போன சிவப்பு வளையம் ஒன்று, உண்ணி கடித்த அடையாளம்! மருத்துவர் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பக்கத்து உண்ணியில அந்தக் கிருமி இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர். நானே சோதிச்சேன்."

"அப்ப காத்திருக்க வேண்டாம். ரத்தம் எடுத்துட்டு மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

இருக்கு! அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது? ஜோசியத்திலிருந்தா? யூகத்திலிருந்தா? இல்லை, பெரியோர்களே! செத்த நரியின் காதைத் துழாவிய விரல்களிலிருந்து வந்தது!

பக்கவாதம் இல்லை, உண்ணிக் கிருமிதான் என்று இரத்தப் பரிசோதனையும் சொன்னது. அதோ அமர்ந்திருக்கிறார் என் மச்சான். முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இடது கண் மட்டும் இன்னும் முழுதாக மூடுவதில்லை. இரவில் இமையை டேப்பால் ஒட்டிவிட்டுத்தான் தூங்க வைக்கிறார்கள். என்ன மச்சான், சொல்லலாமா? "சொல்லு மாப்ளே, மறைக்க என்ன இருக்கு" என்கிறார்.

பின்வரிசையில் யாரது? "எல்லா நரியையும் சுட்டுடலாம்" என்கிறீர்களா? ஐயா, நரியைச் சுட்டால் உண்ணி எலிமேல் ஏறும். எலி உங்கள் வீட்டு விறகுக்கு அடியில் குடியிருக்கும். எத்தனை எலியைச் சுடுவீர்கள்?

தலைவர் அவர்களே! பள்ளிக்குப் பின்னால் நம் பூங்கா இருக்கிறது. அங்கே முயல் வருகிறது, எலி ஓடுகிறது, நம் பிள்ளைகள் புல்லில் புரள்கிறார்கள். வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்து உண்ணி பிடிக்க, கூண்டு வைத்து எலி பிடித்துச் சோதிக்க, அங்கே மட்டும் என் மனைவிக்கு ஊர்க்குழுவின் அனுமதி இல்லை. பூங்காவின் பெயர் கெட்டுவிடுமாம்! பெயர் பெரிதா, பிள்ளை பெரிதா? அறியாமல் இருந்தால் ஆபத்து அகன்றுவிடுமா?

தினமும் என் மகளைக் குளிப்பாட்டும்போது, காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்கால் மடிப்பில் என் மனைவி தடவித் தடவிப் பார்க்கிறாள். கூச்சத்தில் மகள் சிரிக்கிறாள். தாய் சிரிப்பதில்லை.

என்ன தலைவரே, எழுந்துவிட்டீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்... வேண்டாமா? சரி, நானே சொல்கிறேன். "நாளைக்கே வரச் சொல்லுப்பா. நானும் கூட வர்றேன்" என்கிறார்!

பொறுங்கள், கைதட்டாதீர்கள். பூங்காவில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நல்ல செய்தி என்று வாக்குக் கொடுக்க நான் வரவில்லை. எது வந்தாலும் அதை நாம் சேர்ந்தே கேட்போம் என்று சொல்லத்தான் வந்தேன்.

இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்களுக்கும், இடமளித்த தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் தலைமுடியை விலக்கிப் பாருங்கள், தாய்மார்களே. வணக்கம்!