வலிக்குதான்னு பார்த்துட்டு வா

அக்கா – ரூமை விட்டு வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு, இன்னும் ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டே நிக்கிற. முடிஞ்சுதா இல்லையா?

தம்பி – முடிஞ்சுது போல.

அக்கா – போலயா? அம்பது நிமிஷம் என்னடா பண்ணின உள்ள?

தம்பி – பேசினேன்... பேசினேனா, கேட்டுக்கிட்டு இருந்தேனான்னு எனக்கே சரியா புரியல. தண்ணி இருக்கா?

அக்கா – தையல் மெஷின் மேல இருக்கு. அந்த யூனிஃபார்ம் சட்டையில சிந்திடாத, சாயங்காலம் வாங்க வந்துடுவாங்க. ம்... வீடியோ கால்ல வந்த டாக்டர் எப்படி?

தம்பி – முதல்ல அவங்க டாக்டரே இல்ல. ‘டாக்டரம்மா’ன்னு கூப்பிட்டேன். ‘நான் தெரபிஸ்ட், மருந்து எழுத மாட்டேன், அது தேவைப்பட்டா வேற ஆள்கிட்ட அனுப்புவேன்’னாங்க.

அக்கா – மாத்திரை இல்லையா? அப்போ என்னதான் குடுப்பாங்க?

தம்பி – ஒண்ணும் குடுக்கல. கேள்விதான்.

அக்கா – கேக்கட்டும். நான் எழுதிக் குடுத்த சீட்டைப் பார்த்துத்தானே பதில் சொன்ன?

தம்பி – சீட்டு... பாக்கெட்லதான் இருக்கு.

அக்கா – பாக்கெட்ல இருக்குறதுக்காடா எழுதினேன்? தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, யாராவது சட்டுனு கூப்பிட்டா நெஞ்சு படபடங்குது. மூணே வரி. என் கஷ்டத்தை உன் கஷ்டம் மாதிரி சொல்லி, என்ன கேக்குறாங்க, எப்படிக் கேக்குறாங்கன்னு பார்த்துட்டு வான்னேன்.

தம்பி – சின்ன வயசுல ஊசி போடப் போனாலும் இதே கதைதான். என்னை முன்னாடி தள்ளி விட்டுட்டு, பின்னாடி நின்னு...

அக்கா – வலிக்குதாடான்னு கேப்பேன். நீ வலிக்கலன்னு பொய் சொல்லுவ. நம்பி நானும் கையை நீட்டுவேன். அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வா.

தம்பி – எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலக்கா. முதல்ல விவரமெல்லாம் சொன்னாங்க. நான் சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்களாம். யாரோட உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லியாகணுமாம். நடுவுல லைன் கட்டானா அவங்களே திரும்பக் கூப்பிடுவாங்களாம். அவசரத்துக்கு வீட்ல யாரோட நம்பர்னு கேட்டாங்க. உன்னோடதைக் குடுத்தேன்.

அக்கா – என் நம்பரையா? சரி விடு. அப்புறம்?

தம்பி – ‘இங்க வந்து உங்களுக்கு என்ன கிடைச்சா நல்லா இருக்கும்’னாங்க. நான் என்ன ஹோட்டல்லயா உக்காந்திருக்கேன், அது வேணும் இது வேணும்னு சொல்ல?

அக்கா – என்ன சொன்ன?

தம்பி – ஒண்ணும் வாயில வரல. அவங்களும் பேசல. நெட் போயிடுச்சாக்கும்னு போனைத் தட்டினேன். ‘இருக்கேன், கேக்குது, மெதுவா சொல்லுங்க’ன்னாங்க. அந்த அம்மா எவ்ளோ நேரம் சும்மா இருக்காங்க தெரியுமா? நானா இருந்தா பைத்தியமே பிடிச்சிருக்கும்.

அக்கா – அதுக்குத்தானே போயிருக்க.

தம்பி – போக்கா.

அக்கா – சரி, சரி. திங்கக்கிழமை பத்திக் கேட்டியா?

தம்பி – திங்கக்கிழமைக்கும் இதுக்கும் என்ன? நான் உன் விஷயமாத்தானே போனேன்.

அக்கா – மூணு வாரமா முதுகு வலின்னு லீவுல இருக்க. திங்கக்கிழமை வரலன்னா வேற லிஃப்ட் மெக்கானிக்கைப் போட்டுடுவோம்னு சூப்பர்வைசர் என்கிட்டயே சொல்லிட்டாரு. அதான் கேட்டேன்.

தம்பி – முதுகு வலிக்கத்தான் செய்யுது.

அக்கா – முதுகு வலிக்காரன்தான் குனிஞ்சு குனிஞ்சு கட்டிலுக்கு அடியில பார்க்குறானா?

தம்பி – அது... செருப்பைத் தேடினேன்.

அக்கா – தேடு, தேடு. முதல் கேள்வி என்னன்னு நீ இன்னும் சொல்லவே இல்ல.

தம்பி – சொன்னேனே.

அக்கா – இல்லடா. விவரம் சொன்ன, நம்பர் சொன்ன. அதுக்கு முன்னாடி, லைன்ல வந்த உடனே என்ன கேட்டாங்க?

தம்பி – ரூமைப் பத்தி.

அக்கா – ரூமைப் பத்தி என்ன கேள்வி?

தம்பி – ‘தனியா இருக்கீங்களா, நீங்க பேசுறது யாருக்காவது கேக்குமா’ன்னாங்க. அக்கா வெளில தைச்சுக்கிட்டு இருக்கான்னேன். ‘அப்போ கதவைச் சாத்திக்கிறீங்களா’ன்னாங்க.

அக்கா – எல்லாரையும் கேக்குறதா இருக்கும். சாத்த வேண்டியதுதானே?

தம்பி – இன்னும் கொஞ்சம் தண்ணி குடு.

அக்கா – டேய்.

தம்பி – எழுந்து போனேன்க்கா. பிடியில கை வச்சேன். சாத்த வரல. திரும்பி ரூமைப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில பார்த்தேன். பீரோவைத் திறந்து பார்த்தேன். மறுபடி பிடியில கை வச்சேன். போன் மேஜை மேல என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு.

அக்கா – அவங்க ஒண்ணும் சொல்லலையா?

தம்பி – ‘திறந்தே இருக்கட்டும், வந்து உக்காருங்க’ன்னாங்க. வந்து உக்காந்தேன். விவரமெல்லாம் அப்புறம்தான் சொன்னாங்க. கடைசியில, ‘கதவுகிட்ட என்ன ஆச்சு, சொல்லணும்னு தோணினா சொல்லுங்க’ன்னு அவ்ளோதான் கேட்டாங்க. சீட்டை எடுக்கலாம்னு பாக்கெட்ல கை விட்டேன். எடுக்கலக்கா. வேற என்னவோ பேசிட்டேன்.

அக்கா – என்ன பேசின? இரு, மெஷினை நிறுத்திக்கிறேன். சொல்லு.

தம்பி – திட்டக் கூடாது.

அக்கா – திட்டல.

தம்பி – போன மாசம் ஒரு ஆறு மாடிக் கட்டடத்துல சர்வீஸ். மேல மெயின் சுவிட்சை அணைக்கிறதுக்கு முன்னாடி லிஃப்ட்டைக் கீழ வர வச்சு, கதவைத் திறந்து, உள்ள யாரும் இல்லன்னு கண்ணால பார்க்கணும். பதினோரு வருஷமா பார்த்திருக்கேன். அன்னிக்குப் பார்க்கல. யாரும் இல்லைன்னு நானா நினைச்சுக்கிட்டு அணைச்சிட்டேன்.

அக்கா – ஐயோ, யாராவது...

தம்பி – ஒரு வயசானவங்க. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. லிஃப்ட்டுக்குள்ள இருக்குற அவசர பெல்லை அடிச்சிருப்பாங்க, ஆனா பெல்லோட பேட்டரியை மாத்துறதுக்காக நானேதான் கழட்டி வச்சிருந்தேன். தட்டுற சத்தம் கேட்டுதுக்கா. எனக்குக் கேட்டுது. அஞ்சாவது மாடியில கார்பெண்டர் வேலை நடந்துச்சு, அதுன்னு நினைச்சு என் பாட்டுக்கு கிரீஸ் போட்டுக்கிட்டு இருந்தேன். நாப்பது நிமிஷம்.

அக்கா – அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?

தம்பி – ஒண்ணும் ஆகல. திறந்தப்ப தரையில உக்காந்திருந்தாங்க, கையில ஒத்தைச் செருப்பு. அதாலதான் தட்டியிருக்காங்க. என்னைப் பார்த்து, ‘பரவாயில்லப்பா, உனக்கும் வேலை இருக்குமில்ல’ன்னாங்க. ரெண்டு அறை விட்டிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன். பரவாயில்லைன்னுட்டாங்க.

அக்கா – இதை ஏன்டா என்கிட்ட சொல்லல?

தம்பி – எப்படிச் சொல்றது? இவ்ளோ கவனமில்லாத பயலான்னு நீ நினைச்சிட்டா? தெரபிஸ்ட் அம்மாகிட்ட அழுதேன்க்கா. முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட, போனைப் பார்த்து.

அக்கா – அவங்க என்ன சொன்னாங்க?

தம்பி – அதான் குழப்பமே. தப்புன்னும் சொல்லல, தப்பில்லன்னும் சொல்லல. திங்கக்கிழமை போறதா வேணாமான்னு கேட்டேன். ‘போறதை நினைச்சா உடம்புல எங்க என்ன ஆகுது’ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க. பதிலுக்குப் போனா கேள்வியோட வரேன். ஆனா நெஞ்சுல இருந்த அடைப்பு மட்டும் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கு. அதுவும் நிஜமான்னு தெரியல.

அக்கா – வலிச்சுதா?

தம்பி – வலிச்சுது. இந்த வாட்டி பொய் சொல்லல.

அக்கா – அடுத்தது எப்போ?

தம்பி – ஞாயித்துக்கிழமை ஒரு நேரம் ஒதுக்கி வச்சிருக்காங்க. அது உனக்குக்கா. உன் தூக்கத்துக்காகப் போயிட்டு என் புராணத்தைப் பாடிட்டு வந்துட்டேன். நீ பேசு, நான் வெளில காவல் இருக்கேன்.

அக்கா – எனக்கு வேணாம். நீயே போ. திங்கக்கிழமைக்கு முன்னாடி இன்னொரு தடவை பேசிடு.

தம்பி – அப்போ உன் தூக்கம்?

அக்கா – எனக்கு ஒரு கேடும் இல்லடா. ‘உனக்கு ஏதோ சரியில்ல, போய்ப் பேசு’ன்னா நீ போவியா? எனக்காகன்னு சொன்னா முன்னாடி போய்க் கையை நீட்டுவன்னு தெரியும். அதான்.

தம்பி – அடிப்பாவி. அப்போ சீட்டுல இருந்தது பூரா பொய்யா? இந்த மூணு வாரமும் நீ நல்லாத் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தியா?

அக்கா – சும்மா ஒரு காரணம் வேணுமேன்னுதான் எழுத உக்காந்தேன்... எங்கடா தூங்கினேன்? பாத்ரூம் கதவு, பீரோ, ஃப்ரிட்ஜ், மறுபடியும் பாத்ரூம். ராத்திரி பூரா நீ ஒவ்வொண்ணாத் திறந்து பார்க்குறதைப் படுத்துக்கிட்டே எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன். நேத்து பதினாலு தடவை.