டொரன்டோவுக்கு இருபது மணி நேரம்

சிந்தாமணி: ...நேத்துலேர்ந்து போன் ஆப்புல இருக்கு! எங்கங்க இருக்கீங்க?

பாலசுந்தரம்: துபாய்ல... ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கேன்.

சிந்தாமணி: நல்லபடியா போயிட்டீங்களா? வாந்தி கீந்தி...

பாலசுந்தரம்: ஒண்ணுமில்ல. மூவாயிரம் கிலோமீட்டர், நாலே மணி நேரம்! கண்ண மூடித் தொறந்தா துபாய்.

சிந்தாமணி: நம்ம அரியலூர்லேர்ந்து பெரம்பலூருக்கு முப்பது கிலோமீட்டர். அதுக்கே பஸ்ஸு ஒரு மணி நேரம் உருட்டுறான்! டொரன்டோவுக்கு இன்னும் எவ்வளவு?

பாலசுந்தரம்: பதினோராயிரம். பதினாலு மணி நேரம் ஆவும்.

சிந்தாமணி: நாலும் பதினாலும் பதினெட்டு... நடுவுல ரெண்டு. இருபது. பிளேனு நேத்து காலையில பத்து மணிக்கு. இப்ப மணி பத்து... இந்நேரம் நீங்க மவ ஆர்த்தி வூட்டுல காபி குடிக்கணுமே?

பாலசுந்தரம்: அது... எதிர்காத்து.

சிந்தாமணி: நாலே மணி நேரம்னீங்க?

பாலசுந்தரம்: போறப்ப இல்ல. எறங்கினப்புறந்தான்...

சிந்தாமணி: எறங்கினப்புறம் காத்தடிச்சா என்னவாம்?

பாலசுந்தரம்: இந்தா, பைலட்டே சும்மா இருக்கான். நீ ஏன்...

சிந்தாமணி: ஞாயித்துக்கெழம ஆர்த்திக்குப் பிரசவ தேதிங்க. எனக்குத்தான் விசா வரல. நீங்களாச்சும் பக்கத்துல...

பாலசுந்தரம்: தெரியும் சிந்தா. அத நெனச்சுத்தான் பச்சத்தண்ணி எறங்கல.

சிந்தாமணி: ...லேகியம் வெச்ச மஞ்சப்பை? பயணத்தன்னிக்கு நேரம் சரியில்லன்னு, பரஸ்தானமா திங்கக்கெழமயே நல்ல நேரம் பாத்து, கல்லங்குறிச்சியில உங்க தங்கச்சி சுமதி வூட்டுல வெச்சோமே. போறப்ப எடுத்தீங்களா?

பாலசுந்தரம்: எடுக்காம...? மடியிலதான் இருக்கு.

சிந்தாமணி: ம்... அது என்ன சத்தம்? 'அரியலூர், அரியலூர்'னு?

பாலசுந்தரம்: துபாய்ல நம்மூரு ஆளுங்க நெறைய.

சிந்தாமணி: 'ஏறு, ஏறு'ங்குறாங்க?

பாலசுந்தரம்: பாசந்தான்... இரு, அதே சத்தம் உன் போன்லயும் கேக்குதே! எங்க இருக்க?

சிந்தாமணி: வூ... வூட்டுலதான். கொழம்பு கொதிக்குது.

பாலசுந்தரம்: கொழம்பு ஹாரன் அடிக்குமா?

சிந்தாமணி: நீங்க மொதல்ல சொல்லுங்க, துபாய்ல ஏது அரியலூர் பஸ்ஸு?

பாலசுந்தரம்: சிந்தா... நான் போவல. பாஸ்போர்ட்ட தொலைச்சிட்டேன். சென்னை ஏர்போர்ட்டு வாசல்ல பெட்டியக் கொட்டித் தேடுனேன், காணும். வூட்டுக்கு வர மூஞ்சி இல்ல. நேத்து முழுக்க அங்கயே கெடந்துட்டு, ராத்திரி பஸ் புடிச்சு வந்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன். மஞ்சப்பையையும் மறந்துட்டேன்...

சிந்தாமணி: தொலையலங்க. முக்கியமான சாமான் நல்ல நேரத்துல வூட்ட வுட்டுக் கெளம்பணும்னு, உங்ககிட்ட சொல்லாம அத பெட்டியிலேர்ந்து எடுத்து மஞ்சப்பையில வெச்சது நாந்தான். இன்னிக்குக் காலையில சுமதி பையக் கொண்டாந்ததுந்தான் நீங்க அத எடுக்காமப் போனதே தெரிஞ்சுது. ஆர்த்தி டிக்கெட்ட நாளைக்கு மாத்திட்டா. உங்களத் தேடி சென்னை பஸ் ஏறத்தான் பெரம்பலூர் வந்தேன். எப்புடிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நேரம்... திட்டாதீங்க. பையோட டீக்கட கிட்டதான் நிக்கிறேன், துபாய்லேர்ந்து நாலு எட்டு நடந்து வாங்க!