ஏழு வருஷக் கோடு

— அக்கா, அந்த பாரத்தை அப்படி ஓரமா வை. கையெழுத்து எங்கயும் ஓடிடாது. முதல்ல இந்தக் கோட்டைப் பாரு.

— நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வருதுடா. கையெழுத்து இல்லன்னா அம்மாவை ஏத்த மாட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டரை நமக்காகப் பிடிச்சு வச்சுக் காத்துட்டிருக்காங்க. நீ என்னடான்னா லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து நிக்கிற.

— ரெண்டே நிமிஷம். அப்பாவும் அம்மாவும் ஆரம்பிச்ச நம்ம இலவச ஆஸ்பத்திரிக்கு ஏழு வருஷமா வந்த நன்கொடை இது. இங்கேர்ந்து இங்க வரைக்கும் பாரு, வழுக்கிட்டே போகுது.

— எனக்குத் தெரியாதா? நர்ஸுங்களுக்குக் கையுறையை எண்ணி எண்ணிக் குடுக்குறவ நான்தானே.

— இப்படியே போனா இன்னும் ஆறு மாசம். அப்புறம் டயாலிசிஸ் வார்டைப் பூட்டணும். முப்பத்திரண்டு பேர், அக்கா. வெளியில காசு குடுத்துச் செஞ்சுக்க ஒருத்தருக்கும் வக்கு கிடையாது.

— சரி. அதுக்கும் அம்மா ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

— ஏழு வருஷத்துல ஒரே ஒரு இடத்துலதான் கோடு நெட்டுக்குத்தா ஏறியிருக்கு. மூணு மடங்கு. அது எந்த மாசம்னு நீயே பாரு.

— அப்பா தவறிப்போன மாசம்.

— நான் ஒண்ணும் சொல்லல. கோடு சொல்லுது.

— த்தூ, நீயெல்லாம் மனுஷனாடா? பெத்தவ மூக்குல குழாயோட கெடக்குறா. அவ கால்மாட்டுலயே பெட்டியை விரிச்சு வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?

— மெதுவாப் பேசு, அம்மா தூங்கட்டும். ஆபரேஷன் பண்ணினா எவ்வளவு நாள்னு டாக்டர் சொன்னாரு?

— ஒரு வருஷம் தாங்கும்னாரு.

— பண்ணலைன்னா?

— பத்து நாள்.

— நாம எதுவும் செய்ய வேணாம்க்கா. சும்மா இருந்தாப் போதும்.

— அப்பாவுக்கு அம்மா சும்மா இருந்தாளா? நாப்பது நாள். மெஷினைக் கழட்டிடலாம்மான்னு டாக்டரே சொன்னாரு. எடுத்துடு, எடுத்துடுன்னு அப்பா கையால ஜாடை காட்டினதை இந்தக் கண்ணால பார்த்தேன். அப்பவும் ‘என் புருஷன், நான் விடமாட்டேன்’னு ஐசியூ வாசல்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டா. அப்பேர்ப்பட்டவளுக்கு நாம செய்யுறதா இது?

— அவகிட்டயே கேட்டா என்ன சொல்லுவா? தன்னைப் பார்ப்பாளா, வார்டைப் பார்ப்பாளா?

— அதை நீ சொல்லாத.

— சரி, நான் சொல்லல. முப்பத்திரண்டு பேர்கிட்டயும் நீயே போய்ச் சொல்லிடு, அடுத்த வருஷம் கிடையாதுன்னு. அந்த டெய்லர்லேர்ந்து ஆரம்பி. ரத்தம் சுத்தமாகுற நாலு மணி நேரமும் உட்கார்ந்து உன் யூனிஃபார்முக்குப் பட்டன் தச்சுக் குடுப்பாரே, அவர்கிட்ட.

— வாயை மூடு.

— மூடிக்கிறேன். நீ யோசி.

— வலி தெரியாம நான் பார்த்துக்க முடியும். வலி மருந்து அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு.

— அக்கா.

— பேனாவை மூடிட்டேன், போதுமா? பாரத்தை எடுத்துட்டுப் போ. ஆம்புலன்ஸ் வேணாம்னு நீயே போன் பண்ணிடு. என் வாயால சொல்ல முடியாது.

— முட்டாப் பசங்களா.

— அம்மா, முழிச்சிட்டியா? எவ்வளவு நேரமா...

— முழுசும் கேட்டேன். அழாத, மூஞ்சியைத் துடை. டேய், அந்தப் பெட்டியை இப்படித் திருப்பு. இதுக்குத்தான் உன்னைக் காசு கட்டிப் படிக்க வச்சனா? எப்பச் செத்தாலும் பணம் வரும்னு எவன்டா சொன்னான்?

— அப்பா போனப்ப வந்துச்சேம்மா.

— எந்த மாசம் போனாருன்னு பாரு. மார்ச், கணக்கு வருஷக் கடைசி. வரியைக் குறைக்க எங்கடா குடுக்கலாம்னு பணக்காரன் செக்கைக் கையில வச்சுக்கிட்டு அலையுற மாசம். இப்ப நான் போனா நாலு பூங்கொத்தும் ஒரு கட்டு இரங்கல் கடிதாசும் வரும். அதை வச்சு மெஷின் ஓட்டுவியா?

— அம்மா, மூச்சு வாங்குது. பேசாத.

— கையெழுத்தைப் போடுடி. வருஷக் கடைசிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் எனக்கு மூச்சு இருந்தாகணும். நடுவுல நானே கெஞ்சினாலும் குழாயைக் கழட்டாதீங்க.

— பணத்துக்காக அப்படி யாராவது செய்வாங்களாம்மா?

— பின்ன, உங்கப்பாவை நாப்பது நாள் எதுக்குப் பிடிச்சு வச்சிருந்தேன்னு நெனச்ச?