ஒன்பதாம் வகுப்பு ஏன் பேசவில்லை?

காலையிலிருந்து ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் பொறுமையின் பொற்பீடத்தில் வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச நினைத்ததில் பாதியைப் பேசிவிட்டுப் போன ஆன்றவிந்த அறிஞர்களே! ஆர்.எஸ்.புரத்து ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடித் தேடி அலைந்தும், வந்த வழியே திரும்பிவிடாமல் இந்த அரங்கத்துக்குள் வந்து அமர்ந்த பெரியோர்களே! விடியற்காலையில் எழுந்து, வீட்டுக்கு மதியச் சோற்றையும் ஆக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தமிழும் ஆங்கிலமும் கற்பித்துக் கற்பித்துத் தொண்டை கட்டிப்போன என் இனத்தவரே! உங்கள் அனைவரின் திருமுன்னும் கோபாலசாமியாகிய என் கைகள் குவிகின்றன.

நான் பல்லடத்துக்கு அருகில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவன். ஆங்கில வாத்தியாருக்குத் தமிழ் மேடையில் என்ன வேலை என்று முன்வரிசையில் ஓர் ஐயா புருவத்தைத் தூக்குகிறார். நியாயமான கேள்விதானுங்க ஐயா! நான் இங்கே பேச வந்தது என் வகுப்பைப் பற்றி அல்ல. எங்கள் பள்ளித் தமிழாசிரியை தாஜுன்னிசா டீச்சரின் வகுப்பைப் பற்றி. அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். மேடைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டார். அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான், அதனால் நான் வந்தேன்.

மொழியாசிரியர்களுக்கான இந்தப் போட்டியில் செயலாராய்ச்சி, செயலாராய்ச்சி என்று காலையிலிருந்து செப்பிக்கொண்டே இருக்கிறோமே, செயலாராய்ச்சி என்றால் என்ன? ஆய்வுக்கூடமா? இல்லை. அண்டா அண்டாவாய்ப் புள்ளிவிவரமா? இல்லை. ஓர் ஆசிரியர் தன் வகுப்பைப் பார்த்து, ‘இது ஏன் இப்படி நடக்கிறது?’ என்று கேட்பது. ஒன்றைச் செய்து பார்ப்பது. சரிவரவில்லையா, மாற்றிச் செய்து பார்ப்பது. அவ்வளவுதான் ஐயா, அவ்வளவுதான்! ஆனால் நம்மில் சிலர் அதை எப்படிச் செய்கிறோம்? போன வருட அறிக்கையை எடுத்து, பள்ளியின் பெயரை மாற்றி, தேதியை மாற்றி, ‘மாணவர்கள் வியத்தகு முன்னேற்றம் கண்டனர்’ என்ற கடைசி வரியை மட்டும் மாற்றாமல் கொடுத்துவிடுகிறோம்! ஏனுங்க, யாரங்கே அவ்வளவு பலமாகச் சிரிப்பது? சிரிக்கிறவர் எழுதியவராகத்தான் இருக்க வேண்டும்.

தாஜுன்னிசா டீச்சருக்கு ஒரு கேள்வி இருந்தது. கோவைக் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பேருந்தேறி வருகிறவர் அவர். வகுப்பில் அருவியாய்ப் பொழிவார். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் கேள்வி கேட்டால், பாதிப் பிள்ளைகள் பதில் சொல்வார்கள், மீதிப் பாதி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். எழுதச் சொன்னால் எழுதுவார்கள். கேட்டால் மட்டும் ஊமை. ஏன்? எதனால்? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. என்னையும் தூங்கவிடவில்லை, ஏனென்றால் மதியம் ஆசிரியர் அறையில் நான் கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் அதை என்னிடம் கேட்பார்.

அந்த மீதிப் பாதியில் ஒருத்தி லோகப்பிரியா. டீச்சரின் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். கேள்வி கேட்டால் வாய் திறக்காது, விரல்கள் மட்டும் மேசைக்கடியில் எதையோ செய்துகொண்டிருக்கும். ‘கையை ஆட்டாதே’ என்று சொல்லாத ஆசிரியர் எங்கள் பள்ளியில் கிடையாது. ஆடி மாதத்தில் ஒருநாள் அவளுடைய அம்மா செல்லாத்தாள் பள்ளிக்கு வந்தார். வீட்டோடு சேர்ந்த குடோனில் விசைத்தறி ஓட்டுகிறவர்.

“டீச்சருங்க, இவளுக்குப் படிப்பு ஏறலைங்க. கேட்டா வாயே தொறக்கறதில்லைன்னு எல்லா டீச்சரும் சொல்லிப்போட்டாங்க. இந்த மாசத்தோட நிறுத்திப்போடலாம்னு இருக்கறனுங்க. பனியன் கம்பெனிக்கு இவ அத்தை போறா, அவகூட அனுப்பிச்சுர்றேன்” என்றார்.

தாஜுன்னிசா டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்” என்றார்.

“சரிங்க டீச்சர். உங்க பேச்சுக்காக அதுவரைக்கும் பாக்கறேன்.”

இப்போது தெரிகிறதா அவையோரே? அதுவரை அது ஆராய்ச்சித் தலைப்பு. அன்றிலிருந்து அது ஒரு பெண்பிள்ளையின் பள்ளிக்கூடம்!

முதலில் பயம் என்று நினைத்தார். கண்டிப்பைக் குறைத்தார், சிரித்துப் பேசினார், கடலை மிட்டாய்கூடக் கொடுத்தார். மிட்டாய் தீர்ந்தது, மௌனம் தீரவில்லை. அடுத்து, காது கேட்கவில்லையோ என்று பார்த்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பிள்ளைகளின் காதைச் சோதிக்க வைத்தார். காதெல்லாம் கச்சிதமாய் இருந்தது. பிறகு ஒரு நாள், தலைமையாசிரியரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு, என் கையில் தன் அலைபேசியைக் கொடுத்தார். “சார், கரும்பலகைப் பக்கமா நின்னு பிள்ளைங்களைப் படம் பிடிங்க. என்னைப் பிடிக்காதீங்க” என்றார். பிடித்தேன். கொஞ்சம் ஆடிக்கொண்டே பிடித்ததில், ஓரத்தில் டீச்சரும் அவ்வப்போது வந்துவிட்டார்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் அதைப் போட்டுப் பார்த்தோம். பக்கத்து அறையில் ஆய்வுக்கு வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஆகவே சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டோம். சத்தம் போனதும், அடடா, சபையோரே, அந்த வகுப்பே வேறு வகுப்பாகத் தெரிந்தது! ஊமையாய் உட்கார்ந்திருந்ததாய் நாங்கள் நினைத்த பிள்ளைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால்! ஒருத்தி இரண்டு விரலைத் திருகினாள். நாலு வரிசை தள்ளி ஒருவன் உதட்டை மட்டும் அசைத்தான். இவள் தலையாட்டினாள். குறும்பா? குறும்பென்றால் சிரிப்பு இருக்க வேண்டாமா? ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, எல்லாம் சிரத்தையான முகங்கள்.

“சார், நிறுத்துங்க. திரும்பப் போடுங்க” என்றார் டீச்சர். திரும்பப் போட்டேன். “இங்க பாருங்க. நான் இவங்களைப் பார்த்துக் கேட்கும்போது எல்லா முகமும் எம்மேல இருக்கு. நான் போர்டுல எழுதிட்டே கேட்கும்போது பாருங்க, பாதி முகம் விழுந்துபோகுது. புத்தகத்தை முகத்துக்கு நேரா பிடிச்சுப் பாட்டைப் படிக்கும்போதும் அப்படித்தான்.”

“பாதிப் பேருக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டேன்.

“அதுதானே சார் கேள்வி!” என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல என்னிடம் சொல்லில்லை. பதில் கிடைத்தவருக்குக்கூட அப்படி முகம் மலராது.

பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். தோட்டங்காட்டு வீட்டுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். பேசாதவர்கள் எல்லோருமே தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள்! மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் லோகப்பிரியாவின் வீட்டுக்குப் போனோம். ஐயா, விசைத்தறிக் குடோனுக்குள் போயிருக்கிறீர்களா? பல்லடம், சோமனூர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது. குடோனின் அந்தக் கோடியில் செல்லாத்தாள் நிற்கிறார். இந்தக் கோடியில் மகள். அம்மா இரண்டு விரலைத் திருகுகிறார்: நூல் அறுந்துபோச்சு. மகள் உதட்டை அசைக்கிறாள்: பார்த்துக்கறேன். அம்மா கையை வாய்க்குக் கொண்டுபோகிறார்: டீச்சருக்குக் காபி. ஒரு சத்தம் இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. தொட்டிலில் கிடந்த நாள் முதல் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே பேச்சை அறிந்தவர்கள்!

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? முதுகைக் காட்டிக் கேள்வி கேட்கிறோம்! புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு பாட்டுப் படிக்கிறோம்! கேட்டு முடிக்கும் முன்னே நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம்! அவர்கள் மேசைக்கடியில் கையால் பதில் சொன்னால், கையை ஆட்டாதே என்று அதட்டுகிறோம்! பேசாதது யார் அன்பர்களே? பிள்ளைகளா? பார்க்காதது யார்? யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?

தாஜுன்னிசா டீச்சர் மறுநாளே மாற்றினார். எழுதி முடித்துத் திரும்பி நின்றபிறகுதான் கேள்வி. புத்தகம் நெஞ்சுக்குக் கீழே. பதிலை முதலில் கையால் சொல்லலாம் என்றார். அங்கேதான் வந்தது வினை! கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகளும் கையை ஆட்டத் தொடங்க, வகுப்பு சந்தைக்கடையானது. தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, “ஏனுங்க டீச்சர், இது தமிழ்க் கிளாஸா, டான்ஸ் கிளாஸா?” என்றார். எனக்கே, ஐயோ, இது கவிழ்ந்தது என்று தோன்றியது. டீச்சர் கலங்கவில்லை. மாற்றினார். கையால் சொன்னவர் அதையே ஒரு வாக்கியமாக வாயாலும் சொல்ல வேண்டும் என்றார்.

முதலில் எழுந்தவள் லோகப்பிரியா. எழுந்தாள், சொன்னாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? தறிச் சத்தத்தை மிஞ்சும் குரலில் சொன்னாள்! பக்கத்து வகுப்பில் ஆங்கிலச் செய்யுள் நடத்திக்கொண்டிருந்த நான் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டே குரல்தான்: ஒன்று, குரலே இல்லை, இல்லாவிட்டால் ஊரையே எழுப்பும் குரல். நடுவில் ஒரு குரல் உண்டு என்பதை அவர்கள் அந்த வகுப்பில்தான் கண்டுபிடித்தார்கள். டீச்சர் ஒவ்வொருவரையும் கண்டுபிடிக்க விட்டார்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. மதிப்பெண் வந்தது. விண்ணைத் தொட்டதா? இல்லை அன்பர்களே, பொய் சொல்ல மாட்டேன். லோகப்பிரியா தேறினாள், அவ்வளவுதான். பெரிதாய்ச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மறுநாள் செல்லாத்தாள் வந்துவிட்டார். தாஜுன்னிசா டீச்சர் முகம் வெளுத்துப்போய் நின்றார். இந்த மதிப்பெண்ணைக் காட்டி எந்த வாயால் மேற்கொண்டு அவகாசம் கேட்பது?

செல்லாத்தாள் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

“டீச்சருங்க, நேத்து ஓடிட்டிருக்கற தறி முன்னால வந்து நின்னுக்கிட்டா. என்னன்னு கையில கேட்டேன். பாடத்துல ஒரு கதை வருதாமா, சொல்லோணுமாமா. கையிலயே சொல்லு கண்ணுன்னேன். ‘இது கையில சொல்ற கதை இல்லம்மா’ன்னு உதட்டை அசைச்சா. கரண்ட் போனாத் தவிர எங்கூட்டுத் தறி நிக்காதுங்க. நேத்து நிறுத்திப்போட்டேன். கீழ உக்காந்து முழுக்கக் கேட்டனுங்க. எம்புள்ள இத்தனை பேசுவாள்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க.”

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாஜுன்னிசா டீச்சர் மறுபடியும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எங்கேயோ பார்ப்பதுபோல் சன்னலைப் பார்த்தேன்.

மொழியாசிரியத் தோழர்களே, தோழியரே! இந்த ஆராய்ச்சியை நடுவர்கள் எந்த இடத்தில் வைப்பார்களோ, நானறியேன். ஆனால் ஒன்றறிவேன். உங்கள் வகுப்பிலும் ஒரு கேள்வி உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சோமனூரில் ஒன்று, சென்னிமலையில் ஒன்று, இந்த ஆர்.எஸ்.புரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களிலும் ஒன்று! அது எனக்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது, சுற்றறிக்கை அனுப்புகிறவருக்கும் தெரியாது. அந்த வகுப்பில் நிற்கிற உங்களுக்கு மட்டும்தான் தெரியவரும். கேளுங்கள்! தப்பாய்ப் போனால் மாற்றிக் கேளுங்கள்! பதில் வரும்வரை பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்!

செல்லாத்தாள் அன்று வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றார். “ஏனுங்க டீச்சர், பத்தாவதுல என்ன கதை வருமுங்க?” என்று கேட்டார்.

இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்தருளிய அவைக்கு நன்றி. தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்குத் தனியே நன்றி. எல்லோருக்கும் என் வணக்கமுங்க!