கப்பலில் போனவரின் மனைவி

பாடியில் ஆவடி பேருந்து ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, மனைவி சொன்னாள்:

“நம்ம கிழவருக்குப் பொண்டாட்டி கெடச்சிட்டா.”

“யாரு, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிப் போன வெள்ளக்காரரா?”

“ஆமா, முந்நூறு வருசம் முன்னாடி போனாரே, அவருதான். அவரு வம்சத்துல வந்தவங்க, அந்தம்மா பேரக் கண்டுபுடிச்சிக் குடுக்கச் சொல்லி எங்க ஆபீசுக்குப் பணம் கட்டிக்கிறாங்க. உயில்ல மாடு, கட்டில்னு எல்லாம் எழுதிக்கிறாரு. அந்தம்மாவ மட்டும் ‘என் மனைவி’ன்னு உட்டுட்டாரு. மூணு மாசமா ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பழைய சர்ச் ஏடெல்லாம் பொரட்டிக்கினு இருந்தேன். இன்னிக்கி அவங்க பொண்ணோட கல்யாணப் பதிவுல அம்மா பேரு போட்டுகீது.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

“எப்பவோ செத்தவங்களுக்கா அழுவுற?” என்றான் கணவன்.

“இத்தினி வருசமா அவங்கள யாருமே பேர் சொல்லிக் கூப்டலையே.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “பேரு இன்னா?”

“மார்த்தா.”

“மார்த்தா,” என்றான் அவன், கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே.

அவர்களுக்கு முன்னால் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, என்னியா கூப்ட்ட?”